பச்சை முத்திரையை மட்டும் பார்க்காதீர்கள்: கியர்பாக்ஸ் ஆயில் டெஸ்ட், இரண்டு வருட அனுபவம்

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆறு காற்றாலைகளைப் பார்த்துக்கொள்கிறோம், எல்லாம் பழைய 750 கிலோவாட் மெஷின்கள். இரண்டு வருடமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை கியர்பாக்ஸ் ஆயிலை ஒரு லேபுக்கு அனுப்புகிறோம். குறை சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். ஆனால் இன்றைக்கும் அவர்களிடம்தான் அனுப்புகிறோம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். விஸ்காசிட்டி, தண்ணீர், அமில எண், உலோகங்கள், துகள் எண்ணிக்கை எல்லாம் எல்லா லேபிலும் உண்டு. இவர்கள் தனிக் காசு வாங்காமல் பிக்யூவும் (ஆயிலில் இருக்கும் இரும்புத் துகளைக் காந்தத்தால் அளந்து சொல்லும் எண்) பார்த்துத் தருகிறார்கள். இரும்பு எத்தனை பிபிஎம் என்று சொல்லும் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு மிக நுண்ணிய துகள்தான் தெரியும், ஏறத்தாழ 5 மைக்ரானைத் தாண்டினால் கோட்டைவிட்டுவிடும். பேரிங்கின் மேற்பரப்பு உரிய ஆரம்பித்தால் வருவதோ பெரிய செதில்கள். காந்தத்தை வைத்து அளப்பதால் பிக்யூவில் அது மாட்டிக்கொள்ளும்.

முதல் தடவையே ஒரு மெஷினுக்குத் துகள் எண்ணிக்கை 23/21/18 (மூன்று அளவுத் துகள்களுக்கு மூன்று குறியீட்டு எண்) என்று வந்து, தூசியைக் காட்டும் சிலிக்கானும் எகிறியிருந்தது. அவர்களே போன் செய்து, "சார், பாட்டிலைத் திறந்தே வைத்திருந்தீர்களா?" என்று கேட்டார்கள். விசாரித்தால் எங்கள் பையன் மேலே நாசெல்லில் (கோபுர உச்சியில் கியர்பாக்ஸ் இருக்கும் கூண்டு) மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, பாட்டிலின் உள்வாயைப் பனியன் வேஸ்டால் துடைத்திருக்கிறான்! முப்பந்தல் காற்றில் அது போதாதா. மறுபடி, மெஷினை நிறுத்திய சூட்டோடு, குழாயில் தேங்கியிருந்த ஆயிலைக் கொஞ்சம் வெளியேற்றிவிட்டுப் பிடித்து அனுப்பினோம், 18/16/13 வந்தது. ஒரு எண் ஏறினாலே துகள் இரட்டிப்பு என்று கணக்கு, ஐந்து எண் என்றால் 32 மடங்கு, அத்தனையும் எங்கள் கைங்கரியம். இரண்டாவது டெஸ்டுக்குக் காசு வாங்கவில்லை.

இனி என் வயிற்றெரிச்சல். நான்காம் நம்பர் மெஷினுக்கு அடுத்தடுத்து மூன்று ரிப்போர்ட்டிலும் பச்சை முத்திரை, 'இயல்பு நிலை'. இரும்பு பிபிஎம் பெரிதாக அசையவில்லை, சரிதான். ஆனால் பிக்யூ 14, அப்புறம் 22, அப்புறம் 70. எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முத்திரை குத்துகிறார்கள், போன தடவை என்ன இருந்தது என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. நான் பழைய தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் கண்ணில் பட்டது. ஏறி ஃபில்டரைக் கழற்றினால் மடிப்புகளுக்குள் ஜரிகைத் தூள் மாதிரி மினுமினுப்பு. உரிந்துகொண்டிருந்தது ஹைஸ்பீடு ஷாஃப்ட் (ஜெனரேட்டர் பக்கம் வேகமாகச் சுற்றும் தண்டு) பேரிங். நல்லவேளை, அதை மேலேயே வைத்து மாற்றிவிடலாம். உள்ளே பற்கள் வரை போயிருந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும், ஆடிக் காற்றில் கிரேனும் நிற்க முடியாது, மெஷினும் சீசன் முழுக்கச் சும்மா நிற்கும்.

இதைச் சொன்னபோது, "எக்செலில் டிரெண்ட் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள்" என்றார்கள். கேட்டேன், வந்தது, நன்றாகவே இருக்கிறது. முதலிலேயே தந்தால் என்ன?

இன்னொன்று, சீசனில் ரிப்போர்ட் வர பதினோரு நாள் ஆகிறது. மார்ச்சில் நான்கே நாள். அதனால் இப்போது காற்று தொடங்குமுன் ஏப்ரலிலேயே எடுத்துவிடுகிறோம்.

ஐந்துக்கு மூன்றரை. பிக்யூவும் அந்தப் போன் காலும் இல்லையென்றால் இரண்டுதான் கொடுத்திருப்பேன்.