"இதை வாங்காதீங்கண்ணே" என்றவனிடம்தான் 680 வெள்ளி போனது

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. 680 வெள்ளி, மலேசிய ரிங்கிட். முதலீடு, கிரிப்டோ என்று பேராசைப்பட்டு விட்டிருந்தாலாவது மனசு ஆறும். போனது ஒரு ரெக்கார்டு ஊசியில்.

கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் அப்பா விட்டுப்போன இசைத்தட்டுகள் இரண்டு அலமாரி நிறைய இருக்கின்றன. என் ப்ளேயரில் இருப்பது ஆர்டோபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியை மாட்டும் சின்னப் பாகம். போனஸ் வந்ததும் பட்டியல் போட்டேன்: நல்ல ஊசி, தட்டுக்கு அடியில் போடும் கார்க் பாய், தட்டை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப், அதிர்வு தாங்கும் கால்கள். எது முதலில் என்று குழம்பி, ஆன்லைன் விற்பனை ஆப் ஒன்றில் இதெல்லாம் விற்கிற ஒருவனிடம் கேட்டேன். நம்ம தமிழ்ப் பையன்.

"கிளாம்ப் வேண்டாம்ண்ணே, உங்க ப்ளேயரைச் சுத்த வைக்கிற பேரிங்குக்கு வீண் சுமை. பாய், கால் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ஊசியை மட்டும் ரெட்லேர்ந்து அதே 2எம்ல அடுத்த மாடல் ப்ளூவுக்கு மாத்துங்க, கார்ட்ரிட்ஜைக் கழட்டவே வேண்டாம்" என்றான். சொன்னது அத்தனையும் உண்மை, வயிறு எரிவதே அதனால்தான். ரெட்டின் உடலில் ப்ளூ ஊசி அப்படியே பொருந்தும், ரெட்டில் வைரம் நுனியில் மட்டும் ஒட்டியிருக்கும், ப்ளூவில் முழு வைரம், இரண்டுக்குமே 1.8 கிராம் அழுத்தம்தான். எல்லாவற்றையும் நானே தேடிச் சரிபார்த்தேன். விற்க வந்தவனே இதை வாங்காதே என்று சொன்னால் யாருக்கு சந்தேகம் வரும், சொல்லுங்கள்?

அப்புறம்தான், "ஆப்ல போட்டா கமிஷன் பிடிச்சுக்குவான்ணே, நேரா பேங்க்ல போடுங்க, ஊசி அழுத்தம் பாக்குற சின்னத் தராசும் சேத்து 680" என்றான். போட்டேன். மனைவியிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

நாலு நாளில் பெட்டி வந்தது. தராசில் 1.8 வைத்து, அப்பாவின் தட்டு ஒன்றை ஒரு பக்கம் முழுக்க ஓடவிட்டேன். பாட்டில் 'ச' வருகிற இடமெல்லாம் கிழிகிற சத்தம். ஊசியைக் கழற்றிப் பார்த்தால் விரலில் நீலச் சாயம். நகத்தால் சுரண்டினேன், உள்ளே சிவப்பு. தேய்ந்துபோன ரெட் ஊசிக்கு நீலச் சாயம் பூசி அனுப்பியிருக்கிறான்! தேய்ந்த ஊசி தட்டின் பள்ளத்தையே அறுத்துவிடும். பணம் போனது ஒரு பக்கம், அந்தத் தட்டுக்கு நான் எங்கே போவேன்?

கேட்டால், முதலில் "வெயிட் சரியா வெச்சீங்களா?" பிறகு "சப்ளையர்கிட்ட பேசறேன்." பிறகு "ஈப்போல சாவு வீட்ல இருக்கேன்ணே." பிறகு நீல டிக் மட்டும். நேற்று அதுவும் இல்லை, படமும் காணோம். ஆப்காரர்கள், பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். வங்கியில், நீங்களே அனுப்பியதுதானே சார் என்றார்கள். மோசடிப் புகாருக்கான 997க்கு அடித்தேன், போலீஸ் ரிப்போர்ட் செய்யச் சொன்னார்கள். பணம் போன உடனே அழைக்க வேண்டிய எண் அது. நான் அழைத்தது ஒன்பதாம் நாள்.

எந்தத் துணைப்பொருள் வாங்கலாம், எதை விடலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆப்புக்கு வெளியே ஒரு காசு அனுப்பாதீர்கள். கணக்கு எண்ணை, மோசடிக் கணக்கா என்று பார்க்கும் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பாருங்கள். நான் பணம் போன பிறகு பார்த்தேன், ஏற்கனவே இரண்டு புகார் இருந்தது. ஊசியை முத்திரை உடையாத பெட்டியில், ரசீதோடு, கடையில் வாங்குங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். தூசி துடைக்கும் கார்பன் பிரஷ் ஒன்று போதும், கிளாம்ப் வேண்டாம். ஆமாம், அவன் சொன்னதேதான்.

தராசு மட்டும் சரியாக வேலை செய்கிறது. 680 வெள்ளித் தராசு. ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறேன், அந்த நீலச் சாய ஊசியையும் எடுத்துக்கொண்டு.