ரீசாம்பிளிங் என்ற பெயரில் 18,500 ரூபாய் போனது: வீட்டு ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

வீட்டிலேயே கணினி வைத்து இசையமைக்கும் நண்பர்கள் அனைவரும் இதைத் தயவுசெய்து படியுங்கள். சிந்த் பிளக்இன் (கணினிக்குள் இசைக்கருவிபோல ஒலி எழுப்பும் மென்பொருள்) கோளாறுகளைத் தொலைவிலிருந்தே சரிசெய்கிறோம், ஒரிஜினல் லைசென்ஸும் வாங்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஓர் இணையவழிச் சேவையிடம் நான் 18,500 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை முழுவதும் சொல்லிவிட்டு, மற்றவர்கள் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு குறும்படத்திற்கான பாடல் வேலை அது. பாடலை 44,100 சாம்பிள் ரேட்டில், அதாவது ஒரு விநாடி ஒலியை 44,100 சாம்பிள்களாக (அளவீடுகளாக) பதியும் அமைப்பில், தொடங்கியிருந்தேன். மிக்ஸிங் செய்பவர்களோ, படத்திற்கு வழக்கமாகக் கேட்பதுபோல 48,000, 24 பிட்டில் கேட்டார்கள். அதே நேரத்தில் சிந்த்தில் நான்கு சுரங்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தாலே ஸ்பீக்கரில் படபடவென்று வெடிக்கும் சத்தம் வரத் தொடங்கியது. கெடு நெருங்கிவிட்டதால் அந்தச் சேவையை அழைத்தேன்.

என் திரையைத் தன் கணினியில் திறந்துகொண்ட இளைஞர் நல்ல தமிழில், பொறுமையாகப் பேசினார். ஆடியோ செட்டிங்ஸுக்குப் போய், 128 சாம்பிள்களாக இருந்த பஃபரை (ஒலியை வெளியே அனுப்பும் முன் கணினி சேர்த்துவைக்கும் அளவு) 1,024 ஆக்கினார். அந்த நொடியே வெடிப்புச் சத்தம் நின்றது. "பாத்தீங்களாண்ணா, நின்னுடுச்சு. ஆனா இது தற்காலிகம்தான். உங்க சிந்த் பழைய 32 பிட் வெர்ஷன், அதான் சிஸ்டம் திணறுது. லைசென்ஸோட புதுசு போட்டுட்டு, புராஜெக்ட் முழுக்க 48-க்கு மாத்தி ராத்திரிக்குள்ள குடுத்துடறோம்" என்றார். பழைய 32 பிட் பிளக்இன்கள் 64 பிட் மென்பொருளில் தகராறு செய்யும் என்பது உண்மைதான். பஃபரை ஏற்றியதால் விசையை அழுத்தியபின் ஒலி வர ஏறத்தாழ 23 மில்லிவிநாடி தாமதமாகிறதே என்று கேட்டதற்கும், புது வெர்ஷனில் அது போய்விடும் என்று தயங்காமல் பதில் சொன்னார். கண்ணெதிரே ஒரு கோளாறு நின்றதும், சொன்னவற்றில் பாதி எனக்கே தெரிந்த உண்மையாக இருந்ததும்தான் என்னை நம்ப வைத்தன. லைசென்ஸுக்கு 11,000, ரீசாம்பிளிங்குக்கு (சாம்பிள் ரேட்டை மாற்றும் வேலைக்கு) 7,500 என்று 18,500 ரூபாயை யுபிஐ மூலம் உடனே அனுப்பினேன்.

இரவு கோப்புகள் வந்தன. 48,000 புராஜெக்டில் போட்டு ஓட்டியபோது பாடகியின் குரல் கீச்சென்று ஒலித்தது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவரின் குரல், ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில், கீபோர்டின் எந்த விசையோடும் சேராத ஓரிடத்தில் போய் நின்றது. மிடியில் (எந்தச் சுரம், எப்போது என்ற குறிப்புகளை மட்டும் வைத்து) ஓடும் சிந்த் மட்டும் பழைய சுருதியிலும் தாளத்திலும் இருந்ததால், குரல் முன்னே ஓட, இசை பின்னே வந்தது. நான்கு நிமிடக் குரல் டிராக் 3 நிமிடம் 40 விநாடியில் முடிந்துவிட்டது.

இவர்கள் செய்தது ரீசாம்பிளிங்கே அன்று. 44,100-லிருந்து 48,000-க்கு மாற்றுவதென்றால், பழைய 147 சாம்பிள்கள் இருந்த நேரத்திற்குள் 160 புதிய சாம்பிள்களைக் கணக்கிட்டு உருவாக்க வேண்டும். நான்கு நிமிடக் கோப்பில் 1,05,84,000 சாம்பிள்கள் 1,15,20,000 ஆக வேண்டும். எண்ணிப் பார்த்தால் அதே 1,05,84,000-தான் இருந்தது. வேவ் கோப்பின் தொடக்கத்தில் சாம்பிள் ரேட்டைக் குறிக்கும் எண்ணை மட்டும் மாற்றி, அதற்கு 7,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். உண்மையான ரீசாம்பிளிங்கோ, பெரும்பாலான இசை மென்பொருள்கள் கோப்பை உள்ளே கொண்டுவரும்போது தாமாகவே செய்துவிடும் வேலை என்பதை நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

மறுநாள் அழைத்தபோது அதே இளைஞர், "உங்க சவுண்ட் கார்டு பிரச்சினைண்ணா" என்றார். வேறொரு கணினியிலும் அப்படியே ஒலிக்கிறது என்றதும், டெக்னிகல் டீம் பேசும் என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். பிறகு பேசிய பெண்மணி டிக்கெட் போடச் சொன்னார். சாம்பிள் எண்ணிக்கையைப் படமெடுத்து இணைத்துப் போட்டேன். 'தீர்க்கப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு அதை மூடிவிட்டார்கள். பணத்தைக் கேட்டதற்கு, டிஜிட்டல் சேவைக்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்று பதில் வந்தது. நான் 18,500 ரூபாய் கொடுத்தபோது அண்ணா என்று அழைத்த குரல், இப்போது என் எண்ணைப் பார்த்தாலே எடுப்பதில்லை.

அதற்குள் சிந்த்தும் படுத்துவிட்டது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே டெமோ பதிப்பைப்போல ஒலி விட்டுவிட்டு நின்றது. பிளக்இன் தயாரித்த நிறுவனத்திற்கே எழுதிக் கேட்டேன். அது மறுவிற்பனைக்கு உரியதல்லாத லைசென்ஸ், வேறொருவர் பெயரில் இருந்தது, அதனால் முடக்கிவிட்டோம் என்று அவர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். ஆக, அந்த 11,000 ரூபாயும் போயிற்று.

இத்தனைக்கும் அந்த வெடிப்புச் சத்தத்திற்குக் காரணம் வேறு. சிந்த்துக்குள் ஓவர்சாம்பிளிங் (ஒலி சுத்தமாக வர, தேவையைவிட அதிக சாம்பிள் ரேட்டில் கணக்கிடுவது) 4 மடங்கில் இருந்தது. யூனிசன் குரல்களும் (ஒரே சுரத்தைச் சேர்ந்து ஒலிக்கும் பிரதிகள்) எக்கச்சக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. இரண்டும் சேர்ந்து கணினியைத் திணறடித்திருக்கின்றன. அந்தப் பழைய வெர்ஷனிலேயே ஓவர்சாம்பிளிங்கைக் குறைத்ததும், பஃபர் 128-லேயே சுத்தமாக ஒலித்தது. கடைசியாக ரெண்டர் செய்யும்போது (பாடலை ஒலிக்கோப்பாக எழுதும்போது) மட்டும் அதை உயர்த்திக்கொண்டால் போதும் என்று நண்பர் ஒருவர் பைசா வாங்காமல் காட்டிக் கொடுத்தார். இதைக்கூடப் பார்க்காமல் பஃபரை ஏற்றி வாயடைத்தவர்களை நிபுணர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விரிவாக எழுதுகிறேன் என்றேன். எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பஃபரை ஏற்றியதும் சத்தம் நின்றால் கோளாறு தீர்ந்துவிட்டதாக யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். லைசென்ஸை யாரிடம் வாங்கினாலும், தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பெயருக்கு மாறிய பிறகே பணத்தை அனுப்புங்கள். உங்கள் மூலக் கோப்புகளை ஒருபோதும் அழிக்காதீர்கள்; என் பாடல் அதனால்தான் பிழைத்தது. பணம் போனது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். சேவைக் குறைபாட்டிற்கு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். 18,500 ரூபாய்க்கான யுபிஐ ரசீதோடு நான் இரண்டிலும் புகார் பதிந்திருக்கிறேன். இதுபோன்ற சேவையிடம் ஏற்கெனவே கோப்புகளை மாற்றி வாங்கியிருப்பவர்கள், மிக்ஸிங்குக்கு அனுப்பும் முன் பாடலின் நீளத்தை மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு விநாடி குறைந்திருந்தாலும் அனுப்பாதீர்கள்.