கேம் ஆட ப்ளூடூத் பட்ஸா, டாங்கிள் ஹெட்செட்டா, ஒயரா?

மன்னார்குடியில் நான், கும்பகோணத்தில் சித்தப்பா மகன், திருவாரூரில் காலேஜ் நண்பர்கள் இரண்டு பேர். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் ஒன்று சேருவோம். போன தீபாவளிக்கு 1,400 ரூபாய் கொடுத்து, சத்தம் பிந்தி வருவதைக் குறைக்கும் ‘கேமிங் மோடு’ உள்ள ப்ளூடூத் பட்ஸ் வாங்கினேன். ஆறு மாதம் அதில் ஆடிவிட்டு, இப்போது டாங்கிளோடு (போனில் செருகும் சின்னக் கருவி) வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட்டுக்கு மாறியிருக்கிறேன்.

சாதாரண ப்ளூடூத்தில், அதாவது சத்தத்தைச் சுருக்கி அனுப்பும் எஸ்பிசி, ஏஏசி முறைகளில் (கோடெக்), சத்தம் ஏறத்தாழ 150 முதல் 250 மில்லி செகண்ட் வரை பிந்தி வரும். காவிரியின் அக்கரையில் ஒருவர் துணி துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள், துணி கல்லில் விழுந்து கை மறுபடி மேலே போகும்போதுதான் ‘தப்’ என்று கேட்கும். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் 200 மில்லி செகண்ட் தாமதம் என்றால், உங்கள் கையில் இருக்கும் துப்பாக்கி 68 மீட்டர் தள்ளி வெடிக்கிற மாதிரி. யூடியூபில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திச் சத்தத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். கேமில் படத்தை அப்படி நிறுத்திவைக்க முடியாதே.

ஒயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாமதம் கிடையாது, சார்ஜ் போட வேண்டாம், 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். என் போனில் ஹெட்போன் ஜாக் இல்லை, அதனால்தான் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பட்ஸில் கேமிங் மோடைப் போட்டதும் தாமதம் நிஜமாகவே குறைந்தது. டப்பாவில் 50 மில்லி செகண்ட் என்று போட்டிருந்தார்கள். அது பெரும்பாலும் பட்ஸ் பக்கத்துக் கணக்கு மட்டும்தான், போன் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. ஆனாலும் டிரெய்னிங் மைதானத்தில் ஒவ்வொரு குண்டாகச் சுட்டுப் பார்த்தபோது தீப்பொறியும் சத்தமும் கிட்டத்தட்ட சேர்ந்தே வந்தன. தனியாக ஆடுகிறவர்களுக்கு இது போதும்.

மைக்கை ஆன் செய்ததும்தான் சிக்கல். ப்ளூடூத்தில் பாட்டு கேட்கும் தடம் ஒருவழிப் பாதை. பட்ஸ் மைக்கில் பேச ஆரம்பித்தால், போன் கால் பேசுவதற்கான தடத்துக்கு மாறிவிடுகிறது. அதில் சத்தம் மோனோதான், தரமும் பழைய போன் காலுக்குக் கொஞ்சம் மேலே. இடது, வலது என்பதே இல்லாமல் போகும். ஒரு நாள் மாடி வீட்டுக்குள் பதுங்கியிருக்கிறேன், காலடிச் சத்தம் கேட்கிறது, ஆனால் படிக்கட்டுப் பக்கமா ஜன்னல் பக்கமா என்று பிடிபடவில்லை. “அண்ணே, உங்க பின்னாடிதான்!” என்று கும்பகோணத்துத் தம்பி கத்துகிறான், அதுவும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல் மாதிரி இருக்கிறது. நான் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. தாமதத்தைக் குறைக்கத்தான் காசு கொடுத்தேன், நாலு பேராக ஆடும்போது திசையே போய்விட்டால் அந்தக் குறைந்த தாமதத்தை வைத்து என்ன செய்வது?

டாங்கிள் ஹெட்செட்டில் இந்தத் தொல்லை இல்லை. டாங்கிளுக்கும் ஹெட்செட்டுக்கும் நடுவே ப்ளூடூத் அல்லாத தனி ரேடியோ இணைப்பு, போனுக்கு அது ஒரு யுஎஸ்பி ஆடியோ கருவி, அவ்வளவுதான். பேசிக்கொண்டே ஸ்டீரியோவில் கேட்கலாம். தாமதம் இந்த வகைகளில் 20, 30 மில்லி செகண்ட் அளவில் நிற்கும், என் காதுக்கு ஒயரிலிருந்து வித்தியாசம் தெரியவில்லை. 3,200 ரூபாய் ஆனது.

குறைகளும் இருக்கின்றன. டைப்-சி ஓட்டையை டாங்கிள் பிடித்துக்கொள்வதால் ஆடும்போது போனுக்குச் சார்ஜ் போட முடியாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்தும் நாளில், ராத்திரி சார்ஜ் குறைந்த போனோடு ஆட உட்காரும்போது இது உறைக்கும். கத்திரி வெயிலில் காதை மூடும் ஹெட்செட் போட்டு அரை மணி நேரம் இருந்தால் காது மடல் நனைந்துவிடும். டாங்கிள் தொலைந்தாலும் கஷ்டம்தான். பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும் என்று மூன்று மாதப் புழக்கத்தில் சொல்ல முடியாது.

வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ரவுட்டரும் டாங்கிளும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் யுஎஸ்பி 3.0 போர்ட்டுக்குப் பக்கத்தில் செருகினாலும் இரைச்சல் வரலாம், ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள்.

எல்இ ஆடியோ என்ற புது ப்ளூடூத் முறையில் மைக் பிரச்சினைக்கும் தீர்வு இருக்கிறது, ஆனால் போன், பட்ஸ் இரண்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும். நான் இன்னும் அதில் ஆடவில்லை.

பழைய பட்ஸைத் தூக்கிப்போடவில்லை, பஸ்ஸில் பாட்டு கேட்க வைத்திருக்கிறேன். தம்பியும் டாங்கிள் ஹெட்செட் வாங்கலாமா என்று கேட்டான். அவன் போனில் ஜாக் இன்னும் இருக்கிறது, அதனால் ஒயரே வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டேன்.