மூன்று பெயர்களும் ஒரு வரைபடமும்: குடும்பப் பெயர்த் தேடல் சேவை ஒன்றைப் பணம் கட்டிப் பார்த்தபோது

திருகோணமலைப் பாலையூற்றில் வசிக்கும் என் நண்பர், ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். அவருடைய குடும்பப் பெயர் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளில் மட்டுமே வழங்குகிறது. அந்தப் பெயர் எந்த நாட்டிலிருந்து வந்தது, உலகில் வேறு எவருக்கு உண்டு என்று அறிய, இணையத்தில் அடிக்கடி விளம்பரத்தில் வரும் ஒரு குடும்பப் பெயர்த் தேடல் சேவைக்குப் பணம் கட்டலாமா என்று சென்ற மாதம் என்னிடம் கேட்டார். ஓய்வூதியத்தில் வாழ்பவர் என்பதால், அவருடைய காசு போவதற்கு முன் நானே ஒரு மாதச் சந்தாவாக 25 அமெரிக்க டொலர் செலுத்திச் சோதித்துப் பார்த்தேன். இதே அமைப்பில் இயங்கும் சேவைகள் பல இருப்பதால், இதன் பெயரைக் குறிப்பிடாமல் அதன் வேலைத்தரத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சந்தாவுக்கு மூன்று பெயர்களின் முழு அறிக்கை கிடைக்கும். நண்பர் தம் பெயர் வெளியில் வருவதை விரும்பவில்லை. எனவே, அதே வகையைச் சேர்ந்ததும் பழைய கிரிக்கெட் பதிவுகளால் பலருக்கும் அறிமுகமானதுமான ‘அவுட்ஸ்கூர்ன்’ என்ற பெயரை முதலில் எடுத்தேன். இரண்டாவதாக, விடை முன்பே தெரிந்த பெயர் ஒன்றை வைத்து அளந்து பார்க்க ‘பெர்னாண்டோ’வையும், மூன்றாவதாக என் பாட்டனார் பெயராகிய ‘கோணாமலை’யையும் கொடுத்தேன்.

அறிக்கை பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது. உலக வரைபடம் ஒன்று, நாடுவாரியான எண்ணிக்கைப் பட்டியல் ஒன்று, பெயரின் பொருளும் தோற்றமும் என்ற தலைப்பில் ஒரு பந்தி, கடைசியில் குலச்சின்னம் ஒன்றின் படம் என்பன அதில் அடங்கியிருந்தன. வரைபடம் கண்ணுக்கு அழகானது. ஒரு நாட்டில் எத்தனை பேர் என்ற கணக்கையும், பத்து இலட்சம் பேருக்கு எத்தனை பேர் என்ற விகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் வசதி உண்மையிலேயே பயனுள்ளது. பெரிய நாடு என்பதற்காகவே ஒரு நாடு கறுத்துத் தெரியும் மயக்கத்தை அது நீக்குகிறது. இந்தச் சேவையைப் பற்றி நான் மனமாரச் சொல்லக்கூடிய நல்ல சொல் இது ஒன்றுதான்.

அவுட்ஸ்கூர்ன் என்ற பெயரை இங்குள்ளோர் உரோம எழுத்தில் ஓ, யூ, டீ, எஸ், சீ, எச், இரட்டை ஓ, ஆர், என் என்று எழுதுகிறார்கள். அறிக்கை இந்தப் பெயருக்கு இலங்கை, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளை மட்டும் நிறமிட்டுக் காட்டி, தோற்றம் இலங்கை என்று முடித்திருந்தது. இங்கிலாந்துக்கு நிறம் வந்ததில் வியப்பில்லை. கொழும்பில் பிறந்த லாடி அவுட்ஸ்கூர்ன் 1946 முதல் 1959 வரை வூஸ்டர்ஷயர் அணிக்காக ஆடியவர். பறங்கியர் குடும்பங்கள் பல சுதந்திரத்துக்குப் பின்னர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்ததும் யாவரும் அறிந்ததே. ஆனால் ஒல்லாந்து முழுவதும் வெள்ளையாகவே கிடந்தது. பெயரின் ஓசையிலேயே ஒல்லாந்து ஒலிக்கும்போது, வரைபடத்தில் மட்டும் அந்த நாடு எப்படி விடுபட்டது?

காரணம் எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. ஒல்லாந்தில் பழைய ரைன் ஆற்றின் கரையில் இதே ஓசையில் ஓர் ஊர் உண்டு. 1918 ஆம் ஆண்டு வரை தனி நகராட்சியாக இருந்து, பின்னர் அல்பென் நகரத்துடன் இணைக்கப்பட்ட அந்த ஊரின் பெயரில் ‘டீ’ இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து, நாம் ‘டி’ என்று சொல்லும் எழுத்து நிற்கும். நடுவில் ‘சீ’ இராது. தென்னாபிரிக்காவில் தீக்கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற நகரம் ஒன்றும் இதே பெயரைத் தாங்குகிறது. அதில் ‘டி’, ‘டீ’ என்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்தே வரும். இலங்கை வடிவம் மூன்றாவது. ஒரே ஊர்ப்பெயரின் மூன்று கிளைகள் இவை என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. தமிழில் எழுதினால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. கணினிக்கோ ஓர் எழுத்து மாறினாலும் அது வேறொரு குடும்பம். பணம் வாங்கும் ஒரு சேவை, ஒத்த ஓசையுள்ள வடிவங்களை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் ஏற்பாட்டையாவது தந்திருக்க வேண்டும். அப்படி ஒன்று அங்கே இல்லை. மற்றிரு வடிவங்களையும் பார்க்க விரும்பினால் அவற்றை வேறு பெயர்களாகக் கருதி மேலும் பணம் கேட்கிறார்கள்.

இங்கே நம்முடைய ஊருக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. கோணேசர் கோயிலுக்குப் பக்கத்தில், சுவாமி மலையின் உச்சியில் உள்ள தூணில் ‘பிரான்சினா வான் ரீடே’ என்ற பெயரும் 1687 என்ற ஆண்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. காதலன் கைவிட்டதால் மலையிலிருந்து குதித்தாள் என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படும் கதையை இங்கே விட்டுவிடலாம். அந்தப் பெயரில் உள்ள ‘வான்’ என்ற சொல்லுக்கு ‘இன்ன இடத்தைச் சேர்ந்த’ என்பது பொருள். தென்னாபிரிக்க நகரத்துக்குப் பெயர் கொடுத்தவரும், கேப் ஆளுநர் பதவியை ஏற்க வரும் வழியில் 1773 இல் கடலிலேயே இறந்தவருமான பிரபு, ‘வான் ரீடே’ என்பதோடு ‘வான் அவுட்ஸ்கூர்ன்’ என்பதையும் சேர்த்துத் தாங்கியவர். அவர் குடும்பம் அந்த ஊரின் உரிமையைப் பெயரில் சேர்த்துக்கொண்ட பிரபுக் குடும்பம். அதே ஊரிலிருந்து ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலில் ஏறி வந்த ஒரு தச்சனோ சிப்பாயோ தன்னை அடையாளப்படுத்த அதே ஊர்ப்பெயரைச் சொல்லியிருக்கலாம். அதனால் அவன் பிரபுவுக்கு உறவினன் ஆகிவிட மாட்டான்.

இந்த வேறுபாட்டை விளக்க வேண்டிய இடத்தில்தான் அறிக்கை குலச்சின்னத்தின் படத்தைக் கொண்டுவந்து வைத்து, சட்டகமிட்ட பிரதியை மேலும் 40 டொலருக்கு வாங்கலாம் என்று அழைக்கிறது. ஐரோப்பிய வழக்கில் குலச்சின்னம் குறிப்பிட்ட ஒருவருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியதாகும். ஒரே பெயர் இருப்பதனால் மட்டும் அது எல்லோருக்கும் சொந்தமாகாது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சின்னத்தை விற்பது, சந்தியில் கிளிச்சீட்டு எடுத்துத் தருவதைவிட எந்த வகையிலும் நேர்மையான தொழில் அன்று. கிளிச்சீட்டாவது மலிவு.

பறங்கியரின் பெயர்களைப் பற்றிப் பேசும் எவரும் கட்டாயம் சொல்ல வேண்டிய இன்னொரு வரலாறு இந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக் காலத்தில் சாதாரண ஒல்லாந்தர் பலருக்கு நிலையான குடும்பப் பெயர் இருக்கவில்லை. நம்மைப் போலவே அவர்களும் தந்தையின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். யானின் மகன் ‘யான்ஸோன்’. எழுதும்போது அதைச் சுருக்கி ‘யான்ஸ்’. இலங்கையில் இன்றும் ‘ஜான்ஸ்’ என்று வழங்கும் பறங்கியர் பெயரின் கடைசியில் ‘எஸ்’ஸும் ‘இசட்’டும் சேர்ந்து நிற்பது அந்தச் சுருக்கத்தின் எச்சம்தான். நெப்போலியனின் ஆட்சியில் 1811 ஆம் ஆண்டு பிறந்த ஆணை, ஒல்லாந்தில் எல்லோரும் நிலையான குடும்பப் பெயரைப் பதிய வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்னரே இலங்கையின் கரையோரம் பிரித்தானியர் கைக்குப் போய்விட்டதால், இங்கே தங்கிவிட்ட ஒல்லாந்த வழியினரை அந்த ஆணை தொடவில்லை. ஆகவே இங்குள்ள ஒரு பெயர் எப்போது உறைந்தது, எந்த எழுத்தரின் மேசையில் உறைந்தது என்ற கேள்விக்கு ஒல்லாந்தின் இன்றைய கணக்கு விடை தராது. வரைபடம் சொல்வது அந்தப் பெயர் இன்று எங்கே எண்ணப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே. அதை அது எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்றாக விற்பதே இந்தச் சேவையின் மூலப் பிழை என்பது என் கருத்து.

பெர்னாண்டோவின் அறிக்கை இதை இன்னும் வெளிச்சமாக்கியது. வரைபடத்தில் இலங்கை அடர்நிறத்தில் இருக்க, கீழே உள்ள பந்தி ஐபீரியத் தோற்றம் என்கிறது. இரண்டையும் இணைக்கும் சொல் ஒன்றும் இல்லை. போர்த்துக்கல்லில் பெர்னாண்டோ பெரும்பாலும் இடுபெயர். குடும்பப் பெயர் ‘பெர்னாண்டஸ்’, அதாவது பெர்னாண்டோவின் மகன். முத்துக்குளித்துறையில் 1530களில் பரதவர் ஞானஸ்நானம் பெற்றதிலிருந்து தமிழகக் கரையிலும் இலங்கைக் கரையிலும் திருச்சபைப் பதிவுகளின் வழியாகவே அந்தப் பெயர் பரவியது. இரத்த உறவுக்கு அதில் பெரிய பங்கில்லை. பருவந்தோறும் நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து வந்து நம் கரையில் வாடி போடும் மீனவரிடம் கேட்டால்கூட இதைவிடக் கூடுதலாகத் தெரிந்துகொள்ளலாம்.

கோணாமலைக்கு வருவோம். என் தந்தையாருக்கு அது தந்தை பெயர். ஆகவே அவருக்கு முதலெழுத்து. எனக்கு அவருடைய பெயர் முதலெழுத்து. என் சித்தப்பா கனடாவுக்குப் போனபோது, கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தை பெயரை எழுதினார். அங்கே பிறந்த அவருடைய பிள்ளைகளுக்கும் அதுவே நிலைத்துவிட்டது. இலண்டனில் உள்ள அத்தையின் மகன் அதே தாத்தாவின் பெயரை நடுப்பெயராக வேறு எழுத்துக்கூட்டலில் வைத்திருக்கிறார். எனவே ஒரே பாட்டனாரின் பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் அந்தச் சேவையின் கணக்கில் ஒருவருக்கொருவர் அந்நியர். அறிக்கையில் கனடா நிறமேறியிருந்தது. இலங்கை வெறுமையாக இருந்தது. கோணேசர் குடியிருக்கும் ஊரின் பெயர், அந்த ஊரைத் தவிர எல்லா இடத்திலும் இருப்பதாகத் தெரிந்தது.

இலங்கையின் தேருநர் இடாப்பு நம் பகுதியில் தமிழில் அச்சாவது. இத்தகைய சேவைகளோ உரோம எழுத்தில் உள்ள பட்டியல்களையே அறுவடை செய்கின்றன. அதோடு, தமிழரின் கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெயர் மறைந்து இன்னொரு பெயர் முளைப்பதாகவே தோன்றும். இந்த இரண்டையும் அறிக்கையின் அடிக்குறிப்பிலாவது சொல்லியிருந்தால் நான் இவ்வளவு கடுமையாக எழுத மாட்டேன்.

நம்மவரிடம் ஊரைக் காட்டிக்கொடுப்பது முதலெழுத்தைவிட இடுபெயரே. கோணேசபிள்ளை, கோணேஸ்வரன், கோணநாயகம், கோணாமலை என்ற பெயர்களைக் கேட்டவுடன் திருகோணமலையோ தம்பலகாமமோ என்று கேட்கத் தோன்றும். கேதீஸ்வரன் என்றால் மன்னார்ப் பக்கம், நகுலேஸ்வரன் என்றால் கீரிமலை. தவறிப்போகும் ஊகங்களும் உண்டு. ஆயினும் பெயரின் புவியியல் என்று நம்மிடையே ஒன்று இருக்குமானால், அது கோயிலைச் சுற்றித்தான் இருக்கிறது. அறிக்கையின் பொருள் விளக்கமோ ‘கோணலான மலை’ என்பதோடு நின்றுவிட்டது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் ‘கோணமாமலை’ என்று பாடிய தலம் இது என்பது எழுதியவருக்குத் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவுட்ஸ்கூர்னின் பின்பாதியாகிய ‘ஹோர்ன்’ என்பதும் ஒல்லாந்த ஊர்ப்பெயர்களில் மூலையாக நீண்டிருக்கும் நிலத்தைக் குறிக்கும் சொல்; கோணம் என்பதும் மூலைதான்.

நண்பருக்கு நான் சொன்ன யோசனை, இந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம் என்பதே. ஒல்லாந்தில் குடும்பப் பெயர்களுக்கென ஒரு தரவுத்தளம் இலவசமாகவே திறந்திருக்கிறது. 1947 ஆம் ஆண்டின் தொகைமதிப்பிலும் 2007 ஆம் ஆண்டின் பதிவேட்டிலும் ஒரு பெயர் எந்த நகராட்சியில் எத்தனை பேருக்கு இருந்தது என்பதை அது வரைபடத்தில் காட்டுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பனிக் கப்பல்களில் வந்தவர்களின் சம்பளப் பேரேடுகளும் ஒல்லாந்தத் தேசிய ஆவணக்காப்பகத்தின் வழியாக இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன; அவற்றில் ஆளின் சொந்த ஊர், ஏறிய கப்பல், சேவை எங்கே முடிந்தது என்பன எழுதப்பட்டிருக்கும். கம்பனி ஆட்களில் பெருந்தொகையினர் ஜேர்மனியரும் பிற நாட்டவரும் என்பதை அங்கே தேடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கண்டுகொள்ளலாம். கொழும்பில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகையில் பல குடும்பங்களின் வம்சாவளிகள் அச்சாகியுள்ளன. ஆனால் நம் கிழக்குக்கரையின் போர்த்துக்கேயப் பறங்கியருக்கு அதில் இடம் குறைவு. அவர்களுக்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடே முதற்படி. நண்பர் இப்போது பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டிருக்கிறார்.

அப்படியும் இந்தச் சேவையை ஒரு மாதத்துக்குப் பார்க்க விரும்புவோர், உரோம எழுத்தில் நிலையான குடும்பப் பெயர் உடையவராகவும், புலம்பெயர்ந்த உறவினர் இன்று எந்த நாடுகளில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் அறிய விரும்புபவராகவும் இருந்தால் ஓரளவு பயன் கிடைக்கும். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுக்கிறேன். அந்த இரண்டும் விகித வரைபடத்துக்கு. சந்தா மாத முடிவில் தானாகவே புதுப்பிக்கப்படும் என்பதைச் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நிறுத்தும் பொத்தான் முகப்பில் இல்லை. கணக்கு அமைப்புகளுக்குள் சென்று, கட்டண விபரம் என்ற பகுதியைத் திறந்து, கீழே இறுதிவரை வந்தால்தான் அகப்படும். எனக்கு இரண்டாம் மாதப் பணமும் வெட்டப்பட்ட பிறகுதான் அது அகப்பட்டது.