ஆறு சீசன் உழைத்த நெற்றி விளக்கும் அதன் ஒயரும்

அக்கா மகன் போன வாரம் கலிபோர்னியாவிலிருந்து கூப்பிட்டான். வரும் ஜூனில் காட்டுத்தீ அணைக்கும் குழு ஒன்றில் சீசன் வேலைக்குச் சேருகிறான். "மாமா, நீங்க வச்சிருக்கிற அதே ஹெட்லேம்ப்பையே வாங்கிடவா? இப்ப விலை குறைஞ்சிருக்கு" என்று கேட்டான். அந்த நேரம் பார்த்து அதே விளக்கு என் மேசையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது, மூன்றாவது முறையாக அதே இடத்தில் ஒயர் அறுந்து. போனில் கோபமாகத்தான் ஏதோ சொன்னேன். அவனுக்கு முழுப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஐடஹோவில் எங்கள் பகுதித் தீயணைப்புக் குழுவில் நான் தன்னார்வலன். சீசன் முடிந்ததும் குழுவின் ஹெட்லேம்ப்கள் அத்தனையையும் சோதித்து, கழுவி, பழுது பார்த்து அடுத்த கோடைக்குத் தயாராக வைப்பதும் என் பொறுப்பு. பாய்சி, மிசோலா, ரெடிங் போன்ற ஊர்களில் உள்ள பெரிய தளவாடக் கிடங்குகளில் இதே வேலை பெரிய அளவில் நடக்கும். தீயிலிருந்து திரும்பி வரும் பொருளைச் சுத்தம் செய்து, சோதித்து, அடுத்த தீக்கு அனுப்புவார்கள். எங்களுக்கு ஒரு பழைய கொட்டகையும் ஒரு மேசையும்தான்.

வகை தெரிந்ததுதான்: முன்னால் விளக்கு, ஹெல்மெட்டின் பின்பக்கம் நான்கு ஏஏ பேட்டரி போடும் பெட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒயர். வெளிச்சத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. புகைக்குள் அதிக வெளிச்சம் வைத்தால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும், குறைத்து வைத்தால்தான் கால் வைக்கும் இடம் தெரியும். இந்த விளக்கில் அந்தக் குறைந்த அளவு அவ்வளவு சரியாக இருக்கும். எடை பின்னால் போய்விடுவதால் பன்னிரண்டு மணி நேரம் போட்டாலும் கழுத்து வலிப்பதில்லை.

ஆனால் அந்த ஒயர்! விளக்கை மேலும் கீழும் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் அது விளக்குக்குள் நுழையும் இடத்தில் மடங்கும். அங்கே இருக்கும் ரப்பர், வெயிலிலும் வியர்வையிலும் இரண்டே சீசனில் கல்லாகிவிடும். அதற்கப்புறம் உள்ளே செம்புக் கம்பி இழை இழையாக அறுந்துகொண்டே வரும், வெளித்தோல் புதுசு போலவே இருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு வரும் எல்லோருக்கும் சொல்லித்தரும் 18 எச்சரிக்கைச் சூழ்நிலைகளில் இரண்டாவது, பகல் வெளிச்சத்தில் பார்த்திராத இடத்தில் வேலை செய்வது. இரவில் ஈரப்பதம் ஏறி தீ அடங்கும், அதனால் அப்போது நிறைய வேலை நடக்கும். ஆனால் அடி எரிந்த பட்டமரம் எப்போது சாயும் என்று தெரியாது. நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டேதான் நகர வேண்டும். என் இரண்டாவது சீசனில் ஒரு சரிவில் கங்கு தேடிக்கொண்டிருந்தபோது மேலே மரம் முறிகிற சத்தம் கேட்டது. விளக்கை மேலே சாய்த்தேன், அணைந்துவிட்டது. கீழே இறக்கினால் எரிகிறது, மேலே தூக்கினால் அணைகிறது. லூஸ் கான்டாக்ட். பக்கத்தில் இருந்தவர் தன் விளக்கை அடித்துக் காட்டினார், கிளைதான், இருபது அடி தள்ளி விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மேலே பார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் அணைகிற விளக்கை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதனால் என் சோதனை சுவிட்சைப் போட்டு எரிகிறதா என்று பார்ப்பதோடு முடியாது. எரியவிட்டு, ஒயரை விளக்கோரம் இரண்டு விரலில் பிடித்து நான்கு பக்கமும் மெதுவாக வளைப்பேன், அப்புறம் சாய்வின் ஒவ்வொரு கிளிக்கிலும் நிறுத்தி மறுபடி வளைப்பேன். ஒரு தடவை கண் சிமிட்டினாலும் தனியே எடுத்து வைத்துவிடுவேன். போன அக்டோபரில் இருபத்திரண்டில் ஐந்து அப்படி ஒதுங்கின. ஐந்தும் வெறுமனே சுவிட்ச் போட்டால் பளிச்சென்று எரிந்தவை.

சரி, இதன் நல்ல குணத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் முழுசாகப் பிரிந்துவிடும், அதனால்தான் ஆறு வருடமாக உயிரோடு இருக்கிறது. மேலே ஒட்டிய பைன் பிசினுக்குச் சமையல் எண்ணெய் போதும், பலாப்பழம் உரித்த கையில் தேய்ப்போமே அதே மாதிரி, அப்புறம் சோப்புத் தண்ணீர். முன் கண்ணாடி உண்மையில் பாலிகார்பனேட், அதில் அசிட்டோன் பட்டால் வெடிப்பு விழுந்து மங்கிவிடும். கொசு மருந்தில் இருக்கும் டீட் பல பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும், அதனால் மருந்து தடவிய கையோடு கண்ணாடியைத் துடைக்காதே. தீ பரவாமல் தடுக்க விமானம் கொட்டும் சிவப்பு மருந்து பெரும்பாலும் அம்மோனியம் பாஸ்பேட் உப்புதான், அது திருகாணி இடுக்கில் தங்கினால் துருப்பிடிக்கும். பழைய பல் பிரஷ்ஷால் அன்றைக்கே தேய்த்து எடுத்துவிட வேண்டும். பட்டையைத் தனியே கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் கசக்கி நிழலில் உலர்த்தினால் போதும். பொறி பட்டு உருகியிருந்தாலோ இழுத்தால் திரும்பாவிட்டாலோ தூக்கிப்போட்டுவிடு.

பேட்டரிப் பெட்டியில்தான் அதிக நேரம் போகும். யாராவது ஒருவர் பேட்டரியோடே பையில் போட்டு மறந்திருப்பார், திறந்தால் ஸ்பிரிங்கெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். அது காரம், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும். பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டு வைத்தால் நுரைத்துக்கொண்டு கரையும். நுரை நின்றதும் ஈரத்துணியால் வினிகரை முழுக்கத் துடைத்தாக வேண்டும், விட்டால் அதுவே ஸ்பிரிங்கை அரிக்கும். அடுத்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பிறகு ஓர் இரவு திறந்தபடி உலர விடுவது. மூடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் சிலிகான் கிரீஸ் மெல்லிசாக.

பழைய பேட்டரியையும் புதியதையும் கலந்து போடவே போடாதே. நான்கும் வரிசையாக இணைந்திருப்பதால் முதலில் தீர்ந்ததை மற்ற மூன்றும் தலைகீழாக ஓட்டும், அதுதான் கசியும். லித்தியம் ஏஏ எடை குறைவு, குளிரில் சோராது, கசிவதும் அபூர்வம். ஆனால் புதிதாகப் போடும்போது அதன் வோல்டேஜ் சற்று அதிகம், அதனால் விளக்கின் குறிப்பேட்டில் அனுமதி இருந்தால் மட்டும் போடு.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் கடைசியில் அந்த ஒயரிடம்தான் வந்து நிற்கிறேன். அறுந்த பகுதியை வெட்டி, தோல் சீவி, சால்டரிங் வைத்தால் ஈயம் முடியும் இடத்தில் கம்பி விறைத்து, அடுத்து அங்கேதான் அறுகிறது. இப்போது சால்டரிங் வைத்த இடம் விளக்கின் கூட்டுக்குள்ளேயே இருக்கும்படி வைத்து, உள்பக்கம் ஒரு ஜிப் டை போட்டு இறுக்குகிறேன், கொஞ்சம் தாங்குகிறது. ஆனால் ஒவ்வொரு பழுதுக்கும் ஓர் அங்குலம் போய்விடுகிறதே! மூன்றாவது முறை வெட்டியதில் என் ஒயர் பெட்டியை எட்டவே மாட்டேன் என்கிறது, குனிந்தால் இழுக்கிறது. ஒயரை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று தயாரித்த நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் புது விளக்கு வாங்கச் சொல்லித்தான் பதில் வந்தது. மற்ற எல்லாவற்றையும் இவ்வளவு அக்கறையாகச் செய்தவர்களுக்கு இந்த ஒரு முழ ஒயரை இரண்டு பக்கமும் கழற்றி மாட்டும்படி வைக்கத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆகவே தம்பி, வாங்காதே. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பேட்டரியும் விளக்கும் ஒன்றாக முன்னாலேயே இருக்கிற, ஏஏ போடக்கூடிய வகையாகப் பார். கொஞ்சம் முன்பாரமாக இருக்கும், பரவாயில்லை. சார்ஜ் செய்கிற வகை மட்டும் வேண்டாம். 14 நாள் தொடர்ந்து காட்டில் இருக்கும்போது பேட்டரி பெட்டி பெட்டியாக வந்துவிடும், பிளக் கிடைக்காது. எது வாங்கினாலும் பையில் இரண்டாவதாக ஒரு சின்ன டார்ச் இருக்கட்டும்.

என்னுடையதற்குப் பழைய ஹெட்போன் ஒன்றிலிருந்து ஒயர் எடுத்து வைத்திருக்கிறேன். அது பொருந்தினால் ஏழாவது சீசனுக்கும் அதைத்தான் மாட்டிக்கொண்டு போவேன்.