மைக்ரோபிட்டா, ஊனோவா? லேப்டாப் ஒன்றுதான் இருக்கிறது என்றால்

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் எங்கள் ஊர் லைப்ரரி. சனிக்கிழமை மதியம் அங்கே ஒன்பது பிள்ளைகள் கூடுவார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள். பாதிப் பேர் பள்ளியில் தமிழ் மீடியம், மீதிப் பேர் மலையாளம். விளையாடும்போது எல்லாருக்கும் தமிழ்தான். விளக்கு எரியவிடுவது, மோட்டாரைத் திருப்புவது, சென்சாரைப் படிப்பது இதெல்லாம் அவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். தட்டச்சு செய்து புரோகிராம் எழுத இன்னும் கொஞ்சம் காலம் ஆகும் என்பதால் திரையில் கட்டளைகள் எழுதிய பிளாக்குகளை இழுத்துப் பொருத்தும் முறைதான். லேப்டாப் ஒன்றே ஒன்று. அதுவும் என்னுடையது.

முதலில் அர்டுயினோ ஊனோ இரண்டு வாங்கினேன். பத்து மாதம் கழித்து மைக்ரோபிட் நான்கு. இரண்டுமே கணினியில் கட்டிய புரோகிராமை ஏற்றி ஓட்டும் குட்டி எலெக்ட்ரானிக் போர்டுகள். இப்போது யாராவது "பிள்ளைகளுக்கு எதை வாங்கலாம்?" என்று கேட்டால் மைக்ரோபிட் என்றுதான் சொல்கிறேன். அதற்கு ஒரே ஒரு காரணம்தான் பெரிய காரணம். ஊனோதான் வேண்டும் என்கிற இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஊனோ 2010-இல் வந்தது. 5 வோல்ட், 14 டிஜிட்டல் பின், 6 அனலாக் பின். பின் என்றால் கம்பி மாட்டும் இடம்; டிஜிட்டல் உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும், அனலாக் அளவையும் படிக்கும். பதின்மூன்றாம் பின்னில் இருக்கும் குட்டி விளக்கைத் தவிர வேறு எது வேண்டுமானாலும் வெளியிலிருந்து கோக்க வேண்டும். மைக்ரோபிட் 2016-இல் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு பிபிசி இலவசமாகக் கொடுத்த போர்டு. 25 எல்இடி, இரண்டு பட்டன், ஆட்டினாலும் சாய்த்தாலும் கண்டுபிடிக்கும் சென்சார், திசைகாட்டி எல்லாம் அதன் மேலேயே இருக்கின்றன. 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்துகொண்டன. விலை? நான் வாங்கியபோது ஊனோவின் நகல் போர்டு 450 ரூபாய், மைக்ரோபிட் 1,800. அதாவது நான்கு மடங்கு. இந்த வித்தியாசம்தான் என்னைப் பத்து மாதம் தடுத்து வைத்திருந்தது.

பிளாக் மென்பொருளைப் பொறுத்தவரை கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. ஊனோவுக்கு எம்பிளாக், பிக்டோபிளாக்ஸ் போன்றவை. இவை ஸ்க்ராட்ச் என்ற, திரையில் ஒரு பூனை ஆடும் பிளாக் மென்பொருளின் வழி வந்தவை. மைக்ரோபிட்டுக்கு மைக்ரோசாஃப்டின் மேக்கோட். மேக்கோடும் சரி, 2019-இல் வந்த ஸ்க்ராட்ச் மூன்றாம் பதிப்பும் சரி, கூகுள் 2012-இல் வெளியிட்ட பிளாக்லி என்ற அடிப்படை மென்பொருளின் மேல் கட்டியவைதான். ஒன்றில் பழகிய பிள்ளை மற்றதில் பத்து நிமிடத்தில் கை வைத்துவிடும். அதனால் எந்தத் திரை அழகு, எதில் பிளாக் அதிகம் என்ற விவாதத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கேபிளைக் கழற்றிய பிறகும் ஓடுமா? ஓடும் என்றால், அந்த நிலைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. எங்கள் சித்தூர்ப் பக்கம் கோடையில் தண்ணீர் என்ன பாடு என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாரித் தண்ணீரைக் கீழ்த்தொட்டியில் வாங்கி, மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். யாராவது கவனிக்காமல் விட்டால் நிரம்பி வழிந்து அவ்வளவும் வீண். அவள் தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம் ஒன்றை ஊனோவில் செய்தாள். வாளியின் விளிம்பில் இரண்டு கம்பி. தண்ணீர் இரண்டையும் தொட்டதும் பஸ்ஸர் கத்தும், திரையில் பூனை "மோட்டாரை நிறுத்து" என்று சொல்லும். எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் அவள் கேட்டாள், "அண்ணா, இத வீட்டுக்குக் கொண்டுபோய் வெச்சா ஓடுமா?" கேபிளைக் கழற்றிப் பேட்டரியில் மாட்டினேன். பஸ்ஸர் அடங்கிவிட்டது. மறுபடி தண்ணீரைத் தொட்டாலும் ஒன்றுமில்லை.

காரணம் எளிது. ஊனோவுக்கான இந்த மென்பொருள்களில் இரண்டு முறை உண்டு. ஒன்றில் போர்டுக்குள் ஒரு சின்ன ஃபர்ம்வேர், அதாவது போர்டிலேயே தங்கும் புரோகிராம், உட்கார்ந்து கணினி சொல்வதைக் கேட்டு விளக்கைப் போடும், அணைக்கும், சென்சாரைப் படித்துச் சொல்லும். யோசிப்பதெல்லாம் கணினிதான். பூனை ஆடுவதும் பேசுவதும் இந்த முறையில்தான் நடக்கும், பிள்ளைகள் முதலில் விரும்புவதும் இதைத்தான். இன்னொரு முறையில் புரோகிராம் முழுவதையும் மொழிமாற்றிப் போர்டுக்குள்ளேயே ஏற்றிவிடலாம். அப்போது கணினி வேண்டியதில்லை. ஆனால் முறையை மாற்றியதும் பூனை தொடர்பான பிளாக்குகள் பயன்படாமல் போய்விடும். பிள்ளை கட்டியதில் பாதியை எடுத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். ஏற்றி முடித்தபின் அடுத்த பிள்ளைக்குப் பழைய முறை வேண்டுமென்றால் ஃபர்ம்வேரை மறுபடி போட வேண்டும்.

வீட்டில் ஒரு பிள்ளை, ஒரு லேப்டாப், ஒரு போர்டு என்றால் இதெல்லாம் தொந்தரவே இல்லை. ஒன்பது பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்றால் ஒரு மதியமே இதில் போய்விடும். ஒருவர் சோதித்துக்கொண்டிருக்கும்வரை போர்டு லேப்டாப்போடு கட்டிப்போட்டபடி இருக்கும், மற்ற எட்டுப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். நகல் போர்டுகளில் பெரும்பாலும் சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப் இருக்கும்; சில கணினிகளில் அந்தச் சிப்போடு பேச உதவும் டிரைவர் என்ற மென்பொருளைத் தனியாகப் போட வேண்டும். அது ஒரு தடவை வேலைதான், ஆனால் அந்த ஒரு தடவைக்கு எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போயிற்று.

மைக்ரோபிட்டில் நிலைமை வேறு. கேபிளில் செருகினால் பென் டிரைவ் போலத் தெரியும். மேக்கோடில் டவுன்லோட் அழுத்தினால் ஒரு ஹெக்ஸ் ஃபைல், அதாவது போர்டில் ஏற்றும் புரோகிராம் ஃபைல் வரும். அதை அந்த டிரைவில் இழுத்துப் போட்டால் முடிந்தது, சில வினாடிகளில் ஓட ஆரம்பிக்கும். கழற்றி இரண்டு ட்ரிபிள் ஏ பேட்டரி மாட்டினாலும் அதே புரோகிராம்தான் ஓடும். முறை மாற்றுவது என்ற பேச்சே இல்லை. போர்டில் போடுவதற்கு முன் திரையிலேயே ஒரு மைக்ரோபிட் படம் பட்டனோடு ஓடிக் காட்டுவதால், பாதித் தப்பு கேபிள் செருகும் முன்பே தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம், இதை நான் வாங்கிய பிறகுதான் கண்டுபிடித்தேன். அந்த ஹெக்ஸ் ஃபைலுக்குள்ளேயே பிளாக்குகளும் இருக்கின்றன. அதை மறுபடி மேக்கோட் திரையில் இழுத்துப் போட்டால் பிள்ளை கட்டிய பிளாக்குகள் அப்படியே திறக்கும். ஒரு பென் டிரைவில் ஒன்பது பேருக்கு ஒன்பது ஃபோல்டர், அவரவர் பெயரில் ஃபைல். போர்டில் ஏற்றுவதும் அதுதான், சேமித்து வைப்பதும் அதுதான். ஊனோவில் பிளாக் ஃபைலைத் தனியாகச் சேமிக்க மறந்தால் போச்சு. போர்டில் ஏற்றியதிலிருந்து பிளாக்குகளைத் திரும்ப எடுக்க வழியில்லை. பிள்ளைகள் சேமிக்க மறப்பார்கள், அது இயல்பு.

அப்புறம் போன். மைக்ரோபிட்டில் புளூடூத் இருப்பதால் அதற்கான ஆப்பில் பிளாக் கட்டி போனிலிருந்தே ஏற்றலாம். ஏ, பி இரண்டு பட்டனையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீசெட்டைத் தட்டினால் போனோடு சேரும். சில போன்களில் இரண்டு மூன்று தடவை முயற்சி செய்ய வேண்டியிருக்கிறது. ஆனாலும் லேப்டாப் இல்லாத வீட்டில் பிள்ளை தானே திருத்தி ஏற்றிப் பார்க்கிறது என்பதை நேரில் பார்த்தபோது 1,800 ரூபாய் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அந்தத் தண்ணீர் அலாரத்தை மைக்ரோபிட்டில் மறுபடி செய்தோம். ஸ்பீக்கர் உள்ளேயே இருப்பதால் பஸ்ஸர் வேண்டியிருக்கவில்லை. செய்கிறவர்களுக்கு உதவும் என்று இரண்டு குறிப்பு. கம்பிகளில் எப்போதும் மின்சாரம் இருந்தால் தண்ணீரில் சீக்கிரம் அரித்துவிடும். அதனால் ஒரு கம்பியை 3 வோல்ட்டில் நேராக மாட்டாமல் பின் 1-இலும் மற்றதைப் பின் 0-இலும் மாட்டி, படிக்கும் நேரத்தில் மட்டும் பின் 1-இல் மின்சாரம் கொடுத்து, பின் 0-ஐப் படித்ததும் நிறுத்திவிடுங்கள். ஐந்து வினாடிக்கு ஒரு தடவை படித்தால் போதும். இரண்டாவது, பின் 0-க்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள்; இல்லாவிட்டால் கம்பி காய்ந்திருக்கும்போதும் எண் மேலும் கீழும் அலையும். இந்தக் குறிப்பு இரண்டும் ஊனோவுக்கும் பொருந்தும், பின் எண்கள்தான் மாறும்.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வதிலும் மைக்ரோபிட் எனக்குச் சுலபமாக இருந்தது. மேக்கோடில் "எப்போதும்" என்ற பிளாக்கை இரண்டு மூன்று தடவை வைக்கலாம். ஒன்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஊனோவில் ஏற்றும் முறையில் திரும்பத் திரும்ப ஓடும் சுற்று ஒன்றுதான். அதில் "2 வினாடி காத்திரு" என்று போட்டால் அந்த 2 வினாடி பட்டனை அழுத்தினாலும் அது கவனிக்காது. பெரியவர்கள் இதற்கு வழி கண்டுபிடித்துக்கொள்வார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஏன் என்று புரிய வைப்பது கஷ்டம்.

சரி, இப்போது ஊனோ பக்கம். கேரள அரசுப் பள்ளிகளில், கல்வித் தொழில்நுட்பத்துக்கான கைட் என்ற அரசு அமைப்பு 2018-இல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் ஐடி கிளப்புகளைத் தொடங்கியது. 2022 டிசம்பரில் 9,000 ரோபோட்டிக் கிட் கொடுக்க ஆரம்பித்தது. அந்தக் கிட்டில் இருப்பது ஊனோதான். கூடவே கம்பிகளைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு, சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன சர்வோ மோட்டார், பஸ்ஸர், வெளிச்ச சென்சார் எல்லாம் உண்டு. எட்டாம் வகுப்புக்குப் போய் அந்தக் கிளப்பில் சேரப்போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் ஊனோவே வாங்குங்கள். பள்ளியில் பார்ப்பதையே வீட்டில் செய்துபார்க்கலாம், சந்தேகம் வந்தால் கேட்க ஆளும் இருக்கும்.

சந்தையில் கிடைக்கும் மலிவான சென்சார்களும் ரிலே என்ற மின் சுவிட்சுகளும் பெரும்பாலும் 5 வோல்ட்டை மனதில் வைத்துச் செய்தவை. மைக்ரோபிட் 3 வோல்ட் போர்டு. தூரம் அளக்கும் பழைய அல்ட்ராசோனிக் சென்சாரை அதில் நேராக மாட்டக் கூடாது. திரும்பி வரும் 5 வோல்ட் பின்னைக் கெடுத்துவிடும். சர்வோவும் 3 வோல்ட்டில் நடுங்கும், தனி பேட்டரி வேண்டும். ஊனோவில் இந்தக் கவலை குறைவு.

பழுது பார்ப்பதிலும் ஊனோவுக்கே என் ஓட்டு. புரோகிராமை ஓட்டும் நீளச் சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் மாடல் என்றால், பின் எரிந்துபோனாலும் அந்தச் சிப்பை மட்டும் பிடுங்கி வேறு போடலாம், யூஎஸ்பி வழியே புரோகிராம் ஏற்ற உதவும் பூட்லோடர் ஏற்கெனவே ஏற்றிய சிப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். கோயம்புத்தூர் போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் வந்துவிடும். மைக்ரோபிட்டில் எல்லாம் போர்டோடு ஒட்டியவை, போனால் முழுதாகப் போனதுதான். எங்கள் நான்கும் இதுவரை நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு மழைக்காலம்தான் பார்த்திருக்கின்றன, அதனால் ஆயுளைப் பற்றி என் பேச்சை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் ஊனோவுக்குச் சாதகமாகப் பேச முடியவில்லை. சும்மா இருந்தாலே 50 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சதுர 9 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் ஒரு நாள்கூடத் தாங்காது. தொட்டிமேல் வைக்கிற அலாரத்துக்கு அது சரிவராது; பழைய போன் சார்ஜரில் மாட்டிவிடுங்கள்.

ஒன்றையும் சொல்ல வேண்டும். மைக்ரோபிட்டையும் ஸ்க்ராட்சோடு புளூடூத்தில் இணைத்துப் பூனையை ஆட்டலாம். அப்படி ஓட்டினால் அதுவும் கணினியை நம்பித்தான் இருக்கும், ஊனோவில் நான் பட்ட சிரமம் அங்கேயும் வரும். அதனால் மைக்ரோபிட் வாங்கினால் முதல் நாளிலிருந்தே மேக்கோடில் பழக்குங்கள்.

எங்கள் இரண்டு ஊனோவும் இப்போது எட்டாம் வகுப்புப் பையன்கள் இருவரிடம் இருக்கின்றன. நான்கு மைக்ரோபிட்டும் வாரம் ஒரு வீடு என்று சுற்றுகின்றன. அடுத்து கொஞ்சம் பணம் சேர்ந்தால் ஐந்தாவது மைக்ரோபிட் வாங்க மாட்டேன். விளிம்பில் செருகிப் பின்களை வெளியே எடுத்துத் தரும் கனெக்டர் போர்டு இரண்டு வாங்குவேன். மைக்ரோபிட்டில் முதலைக் கிளிப் மாட்ட வசதியான பெரிய வளையங்கள் ஐந்துதான். அதில் இரண்டு மின்சாரத்துக்கே போய்விடும். மீதி மூன்றில் கிளிப் வழுக்கிப் பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடுவதுதான் இப்போது சனிக்கிழமைகளில் எங்களுக்கு மிச்சமிருக்கும் தலைவலி.