பாலிகார்பனேட் ஷீட் போடுகிறீர்களா? ஸ்க்ரூ போடும்போது பக்கத்தில் நில்லுங்கள்

வேலூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு மேல் பிப்ரவரியில் பாலிகார்பனேட் ஷெட் போட்டோம், வெளிச்சம் விடுகிற கெட்டி பிளாஸ்டிக் கூரை. 12 அடி ஷீட் ஆறு, இரும்பு ஃபிரேம், கூலி எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். "பத்து வருஷம் கவலையே வேண்டாம் சார்" என்றார் பட்டறைக்காரர்.

ஏப்ரலிலேயே மத்தியானம் ஆனால் மேலே படக், படக் என்று சத்தம். பூனை நடக்கிறது என்று விட்டுவிட்டோம். கத்திரி முடிவதற்குள் ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் நட்சத்திரம் மாதிரி விரிசல். முதல் மழையில் படியெல்லாம் தண்ணீர். அம்மா வழுக்கி விழப் பார்த்தார்.

பட்டறைக்காரரைக் கூப்பிட்டால், "ஷீட் கம்பெனி தப்பு சார், வெயில் தாங்கலை" என்று கைகழுவிவிட்டார். அது பொய். தப்பு அவர் ஸ்க்ரூ போட்ட விதத்தில்தான்.

சூடு ஒரு டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் பாலிகார்பனேட் 0.065 மி.மீ. நீளும். இரும்பு 0.012 மி.மீ.தான் நீளும். கேட்க ஒன்றுமில்லாதது போல் இருக்கும். ஆனால் விடியற்காலை 25 டிகிரியில் இருக்கும் ஷீட் உச்சிவெயிலில் 60 டிகிரிக்குப் போனால், 12 அடிக்கு 8 மி.மீ.க்கு மேல் நீளும். கீழே இருக்கும் இரும்பு அதே அளவு சூடானாலும் ஒன்றரை மி.மீ. நீளும், அவ்வளவுதான். ராத்திரி இரண்டும் மறுபடி சுருங்கும். ஷீட்டுக்கு நகர இடம் வேண்டும், இல்லையா? எங்கள் வீட்டில் முன்கூட்டித் துளை போடாமல், தானே துளைத்துக்கொண்டு இறங்கும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவை நேராக இறக்கி, வாஷர் நசுங்கும்வரை முறுக்கியிருந்தார்கள். போக வழியில்லாத ஷீட் துளையின் ஓரத்தில் கிழிந்துவிட்டது. அந்தச் சத்தம் பூனை அல்ல, ஷீட் இழுத்துக்கொண்டு கிடந்த சத்தம்.

நீங்கள் போடுவதானால் ஷீட்டில் முதலில் ஸ்க்ரூவைவிடப் பெரிதாகத் துளை போடச் சொல்லுங்கள். ஓரங்களில் துளை நீளவாக்கில் ஓவலாக இருக்கட்டும். மேலே அகலமான ரப்பர் வாஷர் வேண்டும். முறுக்கிய பிறகும் ஷீட் லேசாக நகர வேண்டும். "ஒழுகும் சார்" என்பார்கள். ஒழுகாமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்த வாஷர். அப்புறம், புற ஊதாப் பூச்சு உள்ள பக்கம் வானத்தைப் பார்த்து இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

எங்கள் பில்லில் "ஷெட் வேலை" என்று மட்டும் எழுதியிருந்தது. அதனால் எதையும் கேட்க முடியவில்லை. துளை, வாஷர் விவரம் எல்லாம் எழுதி வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். எங்கள் படிக்கு மேல் இப்போது தார்ப்பாய்தான் கட்டியிருக்கிறோம்.